டீக்கணக்கு

கேள்வி: கன்சல்டிங் கம்பெனியில் அனலிஸ்ட் வேலைக்கு நேர்காணல். 'சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்?' என்றெல்லாம் கேட்பார்களாமே! விடை யாருக்குத் தெரியும்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கேட்கிறவருக்கே தெரியாது. அதுதான் உங்களுக்குத் தெம்பு! அவருக்கு வேண்டியது விடையல்ல, வழி. ஊரில் எத்தனை பேர், அதில் கடையில் குடிப்பவர் எவ்வளவு, ஆளுக்கு எத்தனை கிளாஸ் என்று பிரித்து, வாய்விட்டுக் கணக்குப் போடுங்கள். சுமாராக 1 கோடிப் பேர். பாதிப் பேர் ஆளுக்கு ஒன்று என்றால் 50 லட்சம். தீர்ந்தது.

இந்த வித்தையின் குலகுரு இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி. 1945-இல் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது காகிதத் துண்டுகளைப் பறக்கவிட்டு, அவை நகர்ந்த தூரத்தை அளந்து, 'வெடிப்பின் வலிமை 10,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்' என்றார். உண்மை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இருந்தும் உலகம் இன்றுவரை மெச்சுகிறது.

ஆகவே தப்பினாலும் தயங்காதீர்கள். இதே கணக்கை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போட்டால் வெட்டிப்பேச்சு. கோட்டு மாட்டிக்கொண்டு போட்டால் சம்பளம்!