பிளாட்டர் வாங்கப் போற மருமவனுக்கு

மருமவனே, 36 இஞ்ச் பிளாட்டர் வாங்கப் போறியாம்லா. ஒங்கம்மை வந்து சொன்னா. சொல்லும்போதே அவ மூஞ்சி பூரிச்சுக் கெடந்தது. எனக்கும் சந்தோசந்தான். தென்காசியில ஒரு மாடியில, பத்துக்குப் பன்னெண்டு ரூம்புல, ஒரு மேசை, ரெண்டு கம்ப்யூட்டர், படம் வரைய ஒரு பொம்பளப் பிள்ளைன்னு ஆபீஸ் நடத்துத பய ஏ0 சைஸுல படம் எடுக்கப் போறான்னா லேசுப்பட்ட காரியமா! ஏ0-ன்னா 841-க்கு 1189 மில்லிமீட்டர். மொத்தம் ஒரு சதுர மீட்டர். அத விரிச்சு வச்சுப் படிக்கணும்னா மேசையில இருக்க கம்ப்யூட்டரத் தூக்கி வெளிய வைக்கணும். வச்சிரு. பெரிய மனுசனாகணும்னா இதெல்லாம் செஞ்சுதான் ஆகணும்.

ஒண்ணு மட்டும் கேக்கேன், கோவிச்சுக்கிடாத. நீ போடுத வீடு என்ன அளவு? போன வருசம் பூரா எனக்குக் காட்டினது எல்லாமே 30-க்கு 40 அடி. மீட்டர்ல 9.15-க்கு 12.2. ஐம்பதுல ஒரு பங்கா சுருக்கினா 183-க்கு 244 மில்லிமீட்டர். ஏ3 தாளு 297-க்கு 420. அதுல வீட்டப் போட்டு, சுத்தி அளவு எழுதி, ஓரத்துல ஒம் பேரையும் பட்டத்தையும் கொட்டை எழுத்துல போட்டாலும் எடம் மிச்சங் கெடக்கும். ஏ3 பிரிண்டர் ஒன் ஆபீஸுல ஏற்கெனவே நிக்கி. அது மேல துணி காயப் போட்டிருக்க போல, போன தடவை வந்தப்ப பாத்தேன்.

பிளான், செக்‌ஷன், எலிவேஷன், சைட் பிளான் எல்லாத்தையும் ஒரே தாளுல காட்டணுமா, அதுக்கு ஏ1 போதும். 594-க்கு 841. அதுக்குத் தக்கன செஞ்சு வச்சிருக்கதுதான் 24 இஞ்ச் ரோல், 610 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் 8 மில்லிமீட்டர் தள்ளி அழகா உக்காரும். ரோட்டு வேலை, வாய்க்கா வேலைன்னு நீளமா ஏதாவது வந்தாக்கூட ரோல்தான, நீளத்துக்கு ஓடிக்கிட்டே இருக்கும். அகலந்தான் கட்டுப்பாடு. 36 இஞ்ச் மிஷின் 1.3 மீட்டர் நீளம் வரும். ஒன் மாடிப்படி திரும்புத எடத்துல அதத் தூக்கிட்டு வார நாலு பேரும் ஒன்னையத்தான் திட்டுவானுவ.

மாமனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. நான் அம்மோனியா பிரிண்ட் போட்ட கையி. டிரேசிங் பேப்பருக்கு அடியில மஞ்சப் பூச்சுத் தாள வச்சு, லைட்டு வெளிச்சத்துல ஓட விட்டு, அம்மோனியா ஆவியில காட்டினா நீலக் கோடு எந்திரிச்சு வரும். நாத்தம் மூக்கப் பிச்சுக்கிடும். சாப்பிட உக்காந்தா சாம்பாரும் அதே வாசம். ஹெச்பிக்காரன் 1991-லயே டிசைன்ஜெட்டுன்னு மை பீச்சுத பிளாட்டர எறக்கிட்டான். அது நம்ம பக்கம் வந்து சேருத வரைக்கும் இந்த நாத்தத்துலதான் எல்லாவனும் வீடு கட்டினான். வீடெல்லாம் இன்னும் நிக்கத்தான் செய்யி.

சரி, கணக்குக்கு வா. வாரத்துக்கு எத்தன ஏ1 எடுக்க? வீராப்பா "நிறைய"ங்காத, இப்ப நீ பிரிண்ட் எடுக்க கடைக்காரன் குடுத்த பில்ல எண்ணிப் பாரு. மிஷின் ஒரு லட்சம்னு வச்சுக்கிடுவோம். கடையில ஒரு ஏ1-க்கு 50 ரூவா, ஒனக்கே சொந்தமா இருந்தா பேப்பர், மைய்யெல்லாம் சேத்து 20 ரூவான்னு வச்சுக்கோ. ஒரு தாளுக்கு 30 ரூவா மிச்சம். ஒரு லட்சம் திரும்பி வர 3,333 தாளு ஓடணும். வாரத்துக்கு அஞ்சுன்னா 666 வாரம், அதாவது 12 வருசத்துக்கு மேல. அதுக்குள்ள ஒம் புள்ள காலேஜுக்குப் போயிருவான். அவனாவது வேற தொழில் பாக்கட்டும். வாரத்துக்கு முப்பது எடுக்கியா, ரெண்டு வருசத்துக்குக் கொஞ்சம் கூட. அப்ப வாங்கு, நானே வந்து சூடம் காட்டுதேன்.

தாளோட தேவையும் கொறஞ்சுக்கிட்டே வருது பாத்துக்கோ. 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடி மனைக்குள்ள, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டுத வீட்டுக்கு சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கிக்கிடலாம்னு ஆகிப்போச்சு. முன்ன மாதிரி பிளானச் சுருட்டி கக்கத்துல இடுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைய வேண்டாம். இப்ப ஒன் தாளப் படிக்கவன் யாருன்னா, சைட்டுல நிக்க கொத்தனாரும் கம்பி கட்டுதவனுந்தான்.

அந்தக் கொத்தனார நெனச்சுத்தான் நீ மிஷின் வாங்கணும். அவரு சிமெண்டுக் கையோட படத்தத் தொடுவாரு. அதே கையால வெத்தலைக்குச் சுண்ணாம்பும் தடவுவாரு. மேல கான்கிரீட்டுக்குக் கட்டின தண்ணி சொட்டும். குத்தாலத்துச் சாரல் அடிச்சா கேக்கவே வேண்டாம். மையில ரெண்டு சாதி இருக்கு. டை மைன்னா தண்ணியில கரைஞ்ச சாயம், சொட்டுப் பட்டா பரவிரும். பிக்மெண்ட் மைன்னா பொடி, தாளு மேல ஒட்டி நிக்கும். சின்ன டிசைன்ஜெட்டு சிலதுல கறுப்பு பிக்மெண்டு, கலரு டை. எப்சன்ல அந்த டி3100 வகையில எல்லாமே பிக்மெண்டு. கேனன் டிஎம் வகையும் அப்படித்தான். ஒனக்குக் கறுப்புக் கோடுதான் முக்கியம்னா எதுவும் ஓடும். செவப்புக் கோட்டுல கரண்டு லைன், நீலக் கோட்டுல தண்ணி லைன் போடுதவன்னா யோசி. சாரல்ல ரெண்டும் கலந்து, எலக்ட்ரீசியன் வந்து குழாயத் தேடிக்கிட்டு நிப்பான்.

இன்னொரு சமாச்சாரம், விக்கவன் வாயத் தொறக்க மாட்டான். இந்த மிஷின் சும்மா இருந்தாலும் மை குடிக்கும். ஆனையக் கட்டித் தீனி போட்ட கதை. மயிரிழை ஓட்டை ஆயிரக்கணக்குல இருக்க ஹெட்டுல மை காஞ்சிரக் கூடாதுன்னு அதுவா எந்திரிச்சு கழுவிக்கிடும். கழுவின மை தனி டப்பாவுல போய்ச் சேரும். அந்த டப்பா நெறைஞ்சா அதுக்கும் காசு. ஒங்கம்மை மாதிரி சிக்கனக்காரின்னா சாயங்காலம் மெயின் சுவிட்ச அணைச்சிட்டுப் போவா. பிரிண்டு ஓடும்போதோ கழுவும்போதோ அணைச்சா ஹெட்டு மூடி போடாம நடுவுல நின்னுரும், காலையில மை காஞ்சு கெடக்கும். மிஷினோட பட்டன்ல அணைக்கணும், செவுத்துல அணைக்கப்படாது. படம் வரையுத அந்தப் பிள்ளைக்கிட்டயும் சொல்லி வையி.

ஹெட்டு போச்சுன்னா யாரு மாத்துவான்னு இப்பவே கேளு. சிலதுல நீயே கழட்டி மாத்திக்கிடலாம், சிலதுக்குக் கம்பெனி ஆள் வரணும். மிஷினோட வார மைக் கார்ட்ரிட்ஜ் முழுசா நெறைஞ்சதில்ல, ஆரம்பத்துக்குன்னு கொஞ்சமா ஊத்திக் குடுப்பான். மறு வாரம் மாத்து கார்ட்ரிட்ஜ் வெலையக் கேட்டுட்டு மார்புல கை வைக்காத. முதல்லயே கேட்டுட்டு கை வையி.

ஒம் மச்சான் கல்யாணத்துக்கு இதுலயே பிளெக்ஸும் அடிச்சிரலாம்னு சொன்னதா கேள்விப்பட்டேன். சிரிச்சு எனக்குப் பொரையேறிட்டு. ஒன் பிளாட்டர்ல இருக்கது தண்ணி மை. பிளெக்ஸுங்கது பிளாஸ்டிக்கு. அதுல ஒட்டாது, விரலு பட்டா வந்துரும். பிளெக்ஸ் அடிக்க சால்வெண்ட் மை மிஷின், அது வேற குடும்பம். மாப்பிள்ளை மூஞ்சி வழிஞ்சு பொண்ணு வீட்டுக்காரன் பாத்தா ஒன் கட்டட பிளானையும் நம்ப மாட்டான்.

ஸ்கேனர் சேந்தது, வைஃபைல அடிக்கது, போன்ல இருந்து அடிக்கது, இதெல்லாம் இருந்தா இருக்கட்டும். வெலை ஏறுச்சுன்னா ஸ்கேனர விட்டுரு. பேப்பரு 50 மீட்டர் ரோல் வாங்குவ, ஏ1-ல 55-க்குக் கொறையாம வரும். வாங்கும்போது நடுவுல இருக்க அட்டக் குழாயி 2 இஞ்சா 3 இஞ்சான்னு பாரு, ஒன் மிஷினுக்கு மாட்டணும்லா. சாரல் காலத்துல ரோல பிளாஸ்டிக் கவருல போட்டு வையி. ஈரம் குடிச்சுச்சுன்னா நெளிஞ்சுக்கிட்டுப் போயி மாட்டிக்கிடும்.

டெமோ காட்டுதேன்னு கூப்பிடுவான். அவங்கிட்ட இருக்க கிளிப் படமும் பூப் படமும் எல்லா மிஷின்லயும் நல்லாத்தான் வரும். நீ பென் டிரைவுல ஒன் படத்தக் கொண்டு போ. 0.13 மில்லிமீட்டர் கோடு இருக்க படமா, தமிழ் எழுத்து இருக்க படமா எடுத்துக்கோ. அவன் சொல்லுத வேகமெல்லாம் டிராஃப்ட் மோடுல. நீ நல்ல மோடுல போடச் சொல்லி கைக் கடியாரத்தப் பாரு. பொறவு ஸ்கேல வச்சு அளந்து பாரு. ஐம்பதுல ஒண்ணுன்னா 10 மீட்டர் செவரு தாளுல 200 மில்லிமீட்டர் இருக்கணும். அந்த "ஃபிட் டு பேஜ்" டிக்க எடுக்காம அடிச்சா 196-கூட வரலாம். கொத்தனாரு தாள அளந்து செவரு வைக்க ஆளுன்னா ஒன் படுக்கையறையில கட்டில் போட எடங் கெடைக்காது.

கடைசியா சர்வீஸு. "நாளைக்கே ஆள் வரும் சார்"ம்பான். எந்த ஊருல இருந்துன்னு கேளு. மதுரைன்னா பொழுதுக்குள்ள வந்திரலாம், சென்னைன்னா அவரு ரயிலுக்குச் சீட்டு எடுக்கதுல இருந்து தொடங்கணும். நீ போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ, திரும்பி வரும்போது செங்கோட்டை பார்டர் பரோட்டா வாங்கித் தந்தாப் போதும். அங்கன நீ வாயத் தொறக்காம நில்லு, மிஷினையும் பாக்காத. ஆசை ஒம் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும். நான் ஈரக் கையால அவன் பிரிண்ட ஒரு தேய்ப்பு தேய்ச்சிட்டு, "இது என்ன தம்பி, கொஞ்சம் பரவுதே"ன்னு சும்மா இழுப்பேன். அந்த நேரத்துல நீ ரெண்டு ரோல் பேப்பர் இலவசமாக் கேட்டு வாங்கிரு.