தயிர்த் திருநாடு

2005 ஜூலையில் பிரான்ஸுக்கு ஒரு பேராபத்து வந்தது. எல்லையில் படை இல்லை, வானத்தில் விமானம் இல்லை. அமெரிக்காவின் பெப்சிகோ டானோனை விலைக்கு வாங்கப் பார்க்கிறதாம் என்று ஒரு பத்திரிகை கிசுகிசுத்தது, அவ்வளவுதான். டானோன் என்றால் தயிர். எவியான் தண்ணீரும் லூ பிஸ்கட்டும் அப்போது அவர்களுடையதுதான் என்றாலும், பிரெஞ்சுக்காரர் மனசில் டானோன் என்பது ஃபிரிட்ஜைத் திறந்ததும் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டு நிற்கும் தயிர்க் குடுவை.

அப்போது பெப்சிகோவின் கஜானா சாவி சென்னையில் பிறந்த இந்திரா நூயியிடம் இருந்தது. சென்னைக்காரர் ஒருவருக்குத் தயிர்க் கம்பெனி மேல் கண் விழுந்தால் அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். பாரிஸுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூலை என்பது பாரிஸ் காலியாகும் மாதம். பாதி ஊர் கடற்கரைக்குப் போய்விடும். பத்திரிகைக்காரர்கள் செய்தி கிடைக்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வறட்சியில் தயிர் வந்து விழுந்தது. டானோன் பங்கு விலை ஜிவ்வென்று ஏறியது. கட்சி பேதமில்லாமல் தலைவர்கள் மைக் முன்னால் வரிசை கட்டினார்கள். ஜனாதிபதி ழாக் ஷிராக் அப்போது மடகாஸ்கரில் விருந்தாளியாக இருந்தார். அங்கிருந்தே, தாம் கண்விழித்துக் காவல் காப்பதாகத் தகவல் அனுப்பினார். இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவில் உட்கார்ந்துகொண்டு, தயிருக்காக.

பிரதமர் டொமினிக் டி வில்பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளி முடி, ஆறடிக்கு மேல் உயரம், கவிஞர். வாழ்நாளில் ஒரு வார்டு தேர்தலில்கூட நின்றவர் இல்லை. இராக் போருக்கு எதிராக 2003இல் ஐ.நா. சபையில் பேசிக் கைதட்டல் வாங்கியவர். நெப்போலியன் மேல் தீராத காதல். எல்பா தீவிலிருந்து தப்பி வந்து நெப்போலியன் ஆண்ட அந்த நூறு நாளைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகமே எழுதியிருந்தார். பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மக்களின் நம்பிக்கையை மீட்க எனக்கு நூறு நாள் போதும் என்று அறிவித்தார். நெப்போலியனின் நூறு நாள் வாட்டர்லூவில் போய் முடிந்தது என்பது புத்தகம் எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்ததே மக்களின் எரிச்சலால். மே 29 அன்று ஐரோப்பிய அரசியல் சாசனத்துக்கு நடந்த வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்கள் 55 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்று குத்தியிருந்தார்கள். அந்தப் பிரச்சாரத்தின் வில்லன் ஒரு போலந்து பிளம்பர். கிழக்கேயிருந்து படையாக வந்து பாதிக் கூலிக்குக் குழாய் மாட்டிவிட்டுப் போய்விடுவானாம். ஆசாமியை யாரும் நேரில் பார்த்ததில்லை. பாரிஸில் குழாய் ஒழுகினால் வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள்கூட அவனுக்குப் பயந்தார்கள். போலந்துச் சுற்றுலாத் துறை சும்மா இருக்கவில்லை. கையில் குழாய்க் கருவியோடு மாடல் அழகன் ஒருவனை நிறுத்திப் படம் பிடித்து, 'நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் கிளம்பி வாருங்கள்' என்ற பொருளில் விளம்பரம் போட்டது. வாக்கெடுப்பு முழுவதிலும் எனக்குப் பிடித்த பேச்சாளர் அவன்தான்.

பிளம்பரிடம் தோற்ற அரசாங்கத்துக்குப் பெப்சியிடமாவது ஜெயிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு சின்னச் சிக்கல். ஜூலை 25ஆம் தேதி பெப்சிகோ, டானோனை வாங்கும் திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்திடம் சொல்லிவிட்டது. எதிரி, நான் வரவே இல்லையே என்கிறான். அதனால் என்ன? இரண்டு நாள் கழித்து, 27ஆம் தேதி, வில்பான் பத்திரிகையாளர்களைக் கூட்டி, நமக்கு உண்மையான 'பொருளாதார தேசபக்தி' வேண்டும் என்று முழங்கினார். ஆளில்லாத போர்க்களத்தில் வெற்றி கொஞ்சம் சுலபம்.

அதே மாதம் வேறு இரண்டு வியாபாரங்கள் நடந்தன. தெத்தாஞ்ஷே ஷாம்பெயினையும், பாரிஸின் அடையாளங்களில் ஒன்றான கிரியோன் ஓட்டலையும் கையில் வைத்திருந்த குழுமம் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. ஷாம்பெயின்! அதற்காக மடகாஸ்கரில் யாரும் கண்விழிக்கவில்லை. இன்னொரு பக்கம், பெர்னோ ரிக்கார் என்ற பிரெஞ்சு மதுக் கம்பெனி பிரிட்டனின் அலைட் டொமெக்கை வாங்கி முடித்தது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் தேசபக்திக்கு விரோதமாகப் பார்க்கவில்லை. நாம் வாங்கினால் தொழில் வளர்ச்சி, நம்மை வாங்கினால் படையெடுப்பு. பாரிஸ் சந்தையின் முதல் நாற்பது கம்பெனிகளின் பங்குகளில் கிட்டத்தட்டப் பாதி அப்போதே வெளிநாட்டார் கையில் இருந்தது என்பதை யாரும் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

சரி, தேசத்தின் மணிமகுடம் என்று கொண்டாடப்பட்ட அந்தத் தயிரின் ஜாதகம் என்ன? ஒட்டோமான் சாம்ராஜ்யத்தின் சலோனிக்கா நகரத்து யூதர் ஐசக் கராஸோ. பால்கன் போர்க் குழப்பத்தில் பார்சிலோனாவுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே 1919இல், வயிற்றுக் கோளாறால் அவதிப்படும் பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லித் தயிரை மருந்துக் கடைகளில் விற்றார். மகன் டானியேலின் செல்லப் பெயரையே தயிருக்கு வைத்தார். அதுதான் டானோன். பிரான்ஸின் பங்கு பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து போன உறை மட்டும். ஆக, துருக்கியர் மண்ணில் பிறந்தவர், ஸ்பெயின் பால், கட்டலான் பெயர். பிரான்ஸுக்குள் டானோன் வந்ததே 1929இல்தான். நாஜிகள் வந்தபோது டானியேல் அமெரிக்காவுக்குப் போய், 1942இல் நியூயார்க்கில் அதே தயிரை 'டானன்' என்று ஆரம்பித்தார். அமெரிக்கர் வாயில் நுழைய வேண்டுமே. பிற்பாடு அந்த அமெரிக்கக் கம்பெனியையும் பாரிஸ்காரர்கள் 1981இல் வாங்கிக்கொண்டார்கள். வாஷிங்டனில் அதற்காக எந்த மந்திரியும் மேடை ஏறியதாகத் தெரியவில்லை.

இதில் அழகு என்னவென்றால், 2005இல் இந்த அமளியெல்லாம் நடந்தபோது அந்த டானியேல் உயிரோடு இருந்தார். வயது 99. சலோனிக்காவில் பிறந்த குடியேறி ஒருவரின் செல்லப் பெயரை அந்நியரிடமிருந்து காப்பாற்ற ஒரு தேசமே கிளம்பியிருந்தது.

டானோனின் பிரெஞ்சு முதலாளிக் குடும்பமும் லேசுப்பட்டதல்ல. கண்ணாடி பாட்டில் செய்துகொண்டிருந்த அந்துவான் ரிபூ, 1968 கடைசியில் சான் கோபேன் மேல் பாய்ந்தார். நம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்கிறதே, அதே சான் கோபேன். கம்பெனியின் சம்மதமே இல்லாமல் அதை வளைக்கப் பார்த்தார். பிரான்ஸ் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தோற்றார். பிறகுதான் பாட்டிலோடு நிற்காமல், பாட்டிலுக்குள் போகிற சரக்குகளை வாங்க ஆரம்பித்து, 1973இல் டானோனை அடைந்தார். அவர் பாய்ந்த சான் கோபேனே 1665இல் வெனிஸ் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளிகளை ஆசை காட்டி இழுத்துவந்து ஆரம்பித்த அரச கம்பெனி. தோண்டிக்கொண்டே போனால் அந்நியச் சரக்குதான் வரும், ஆகவே நிறுத்திக்கொள்கிறேன்.

மக்கள் அபிப்பிராயம்? அதுதான் இந்தக் கதையின் நல்ல இடம். நாலே வருஷத்துக்கு முன், 2001இல், லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த டானோன், கலே, ரிஸ்-ஓராஞ்சிஸ் ஊர்களின் லூ பிஸ்கட் ஆலைகளை மூடப்போவதாகச் சொன்னது. நாடு கொதித்தது. டானோனைப் புறக்கணியுங்கள் என்று கோஷம். இடதுசாரி மேயர்கள் பள்ளி உணவகங்களிலிருந்து டானோன் தயிரைத் தூக்கினார்கள். குடுவையை வெளியே எறிந்த அதே தேசம்தான் 2005இல் குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. தன் வீட்டு மாமியாரைத் தான் திட்டலாம், பக்கத்து வீட்டுக்காரி திட்டினால் சண்டைக்குப் போவோமே, அந்த நியாயம்.

தேசபக்திக்குச் சட்டம் வேண்டாமா? அந்த வருஷக் கடைசியில் ஆணை வந்தது. வெளிநாட்டார் நுழைய அரசு அனுமதி கேட்க வேண்டிய 11 துறைகள். ஆயுதம், ரகசியக் குறியீட்டுக் கருவி, உயிரித் தொழில்நுட்பம் எல்லாம் சரி. பட்டியலில் சூதாட்ட விடுதியும் இருந்தது. கறுப்புப் பணம் புகுந்துவிடக் கூடாதாம். தயிர் இல்லை. யாருக்காக இத்தனை சண்டையோ அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ரூலெட் சக்கரத்தை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆணையின் மை காய்வதற்குள் நிஜமாகவே ஒருத்தர் வந்தார். 2006 ஜனவரி 27. லட்சுமி மித்தல். ஆர்செலார் எஃகு நிறுவனத்துக்கு 1,860 கோடி யூரோ தருகிறேன் என்றார். மித்தல் ராஜஸ்தானில் பிறந்தவர், இந்தோனேசியாவில் தொழில் பழகியவர், அப்போது லண்டன்வாசி, கம்பெனிப் பதிவு ரோட்டர்டாமில். ஆர்செலாரின் தலைமையகம் லக்சம்பர்க்கில், ரத்தத்தில் பாதி ஸ்பெயினும் பெல்ஜியமும். பிரெஞ்சு அரசுக்கு அதில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் பிரெஞ்சு நிதியமைச்சர் தியெரி பிரெட்டோன்தான் முன்னால் வந்து, வியாபாரத்துக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது என்று மித்தலுக்கு வகுப்பு எடுத்தார். அதற்குச் சில நாள் முன்புதான் கனடாவின் டோஃபாஸ்கோவை, ஜெர்மன் கம்பெனியோடு மல்லுக்கட்டி, ஆர்செலார் தட்டிப் பறித்திருந்தது. அது எந்த இலக்கணத்தில் எந்தச் சூத்திரமோ.

ஆர்செலார் தலைவர் கீ டோலே இன்னும் மேலே போனார். எங்களுடையது வாசனைத் திரவியம், அவர்களுடையது வெறும் கொலோன் தண்ணீர் என்றார். மித்தல் தரும் பங்குகள் குரங்குக் காசு, அதாவது செல்லாக்காசு, என்றார். எஃகுத் தகட்டை மோந்து பார்த்து வாங்குகிறவர் உலகத்தில் உண்டா என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் 'குரங்குக் காசு' 2004இல் பிரான்ஸில் தாராளமாகச் செல்லுபடியானது. மித்தல் மகளின் நிச்சயதார்த்த விருந்துக்கு வெர்சாய் அரண்மனை திறந்துவிடப்பட்டது, கல்யாணம் வோ-லெ-விகோந்த் கோட்டையில் நடந்தது. பதினான்காம் லூயியின் வீட்டுக்கு வாடகை வாங்கும்போது யாரும் நோட்டை முகர்ந்து பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஷிராக் தில்லி வந்தார், தொழிலதிபர்கள் பரிவாரத்தோடு. நம் பத்திரிகைக்காரர்கள் மித்தல் விஷயத்தைக் கேட்டுக் குடைந்தார்கள். இங்கே நம்மவர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. சில்லறை வியாபாரத்தில் அந்நியன் நுழையக் கூடாது என்று கொடி பிடித்துக்கொண்டிருந்த தேசம், லண்டன்வாசி ஒருவர் லக்சம்பர்க் கம்பெனியை வாங்க முடியாததில் தன்மானம் புண்பட்டு உட்கார்ந்திருந்தது.

ஐரோப்பியப் பண்பாட்டை இந்தியரிடமிருந்து காக்க ஆர்செலார் கூட்டிவந்த மாப்பிள்ளை யார்? ரஷ்யாவின் சேவெர்ஸ்டால் முதலாளி அலெக்ஸி மொர்தஷோவ். சோவியத் காலத்து ஆலைக்காரர் திடீரென்று ஐரோப்பியக் குலவிளக்கு ஆனார். பங்குதாரர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். மித்தல் விலையைக் கூட்டிக்கொண்டே போனார். 2,500 கோடி யூரோவைத் தாண்டியதும், ஜூன் 25 அன்று நிர்வாகக் குழுவின் மூக்குக்கு ஒருவழியாக வாசனை எட்டியது. சரி என்றுவிட்டார்கள்.

டானோன் என்ன ஆயிற்று? சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2007 ஜூலையில், தன் பிஸ்கட் வியாபாரத்தை 530 கோடி யூரோவுக்கு விற்றது. வாங்கியது கிராஃப்ட். அமெரிக்கக் கம்பெனி. லூவின் பெத்தி பேர் பிஸ்கட் 1886இல் நாந்த் நகரத்தில் பிறந்தது. நான்கு மூலையும் காது மாதிரி புடைத்திருக்கும், ஓரமெல்லாம் பல். பிரெஞ்சுக் குழந்தைகள் முதலில் காதுகளைக் கடித்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு வருவார்கள். சலோனிக்காத் தயிரைவிட எத்தனையோ மடங்கு அசல் பிரெஞ்சுச் சரக்கு அது. ஷிராக்கும் வில்பானும் வீட்டுக்குப் போயிருந்தார்கள், புதிய அரசாங்கம் புருவத்தை உயர்த்தவில்லை. கிடைத்த காசோடு டானோன் அடுத்த வாரமே 1,230 கோடி யூரோவுக்கு நெதர்லாந்தின் நூமிகோவை, அதாவது குழந்தை உணவுக் கம்பெனியை, வாங்கப் புறப்பட்டது.

வெளியூரில்தான் மாட்டிக்கொண்டது. சீனாவில் வாஹாஹா பானக் கம்பெனியோடு டானோனுக்குக் கூட்டு, 51 சதவீதம் பங்கு. கூட்டாளி சோங் சிங்ஹோ 2007இல், இந்த வெளிநாட்டுக்காரன் நம் தேசத்துச் சொத்தைக் குறைந்த விலைக்கு விழுங்கப் பார்க்கிறான் என்று மக்களிடம் முறையிட்டார். தொழிலாளர்கள் டானோனுக்கு எதிராகத் திரண்டார்கள். வில்பானின் பிரசங்கத்தைச் சீனத்தில் கேட்ட மாதிரி இருந்தது. சீனர்களின் சொந்தக் கோலா என்று வாஹாஹா கூவி விற்ற பானமே டானோன் கூட்டில் இருந்தபோது வந்ததுதான். இந்தியாவில் பிரிட்டானியா பிஸ்கட் கம்பெனியில் வாடியா குடும்பத்தோடு கூட்டு. டைகர் பிஸ்கட் பெயரை டானோன் பல நாடுகளில் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது தெரிந்து வாடியா குடும்பம் கொதித்தது. பெங்களூரில் வேறொரு கம்பெனியில் டானோன் பங்கு வாங்கியதும், அந்தக் குடும்பம், உள்ளூர்க் கூட்டாளியின் சம்மதம் இல்லாமல் வெளிநாட்டார் அதே துறையில் புதுக் கடை திறக்கக் கூடாது என்ற விதியை எடுத்து நீட்டியது. 2009இல் டானோன் இரண்டு இடத்திலும் பங்கை விற்றுவிட்டு மூட்டை கட்டியது.

வெளிநாட்டார் அனுமதி கேட்க வேண்டிய பாரிஸின் பட்டியல் மட்டும் ஆட்சிக்கு ஆட்சி வளர்ந்தது. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி என்று ஒவ்வொன்றாக ஏறின. 2019 டிசம்பர் 31 தேதியிட்ட ஆணையில் உணவுப் பாதுகாப்பும் சேர்ந்தது. சூதாட்ட விடுதிகளுக்குப் பதினான்கு வருஷம் ஜூனியராகத் தயிருக்கும் வரிசையில் ஓர் இடம் கிடைத்தது.