அஞ்சு கழிக்கணும்!

எந்த அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். திரை கருப்பாக இருக்கும், அதில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மவுஸ் தூசி படிந்து கிடக்கும். "சார், இதுல விஎல்சி இருக்கா?" என்று கேட்டால் இருக்கு, இல்லை என்று வாயைத் திறக்க மாட்டார். விரல்தான் பேசும். டிபிகேஜி மைனஸ் எல், ஒரு பைப், கிரெப், விஎல்சி, என்டர். சரசரவென்று ஏழெட்டு வரி வந்து நிற்கும். அப்புறம்தான் நிமிர்வார். "இருக்கு."

"ஐகானே டெஸ்க்டாப்ல இருக்கே சார்" என்று சொல்லிவிட்டால் போச்சு. "ஐகானா? அது வெறும் டாட் டெஸ்க்டாப் ஃபைல். உன் பேர்ல ஒண்ணு செஞ்சு வைக்கட்டுமா? நீ இன்ஸ்டால் ஆயிட்டேன்னு ஆயிடுமா?" கேட்டவருக்குப் படம் பார்க்கும் ஆசையே போய்விடும்.

வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து நிற்கும். இவர் படிப்பது முதலில் அதைத்தான். 'ஐஐ' என்றால் முகம் மலரும். முதல் 'ஐ', பேக்கேஜ், அதாவது அந்த மென்பொருள், இருக்க வேண்டும் என்று நாம் கேட்டது; இரண்டாவது 'ஐ', அது உள்ளபடியே இருக்கிறது என்பது. கேட்டதும் கிடைத்ததும் ஒத்துப்போகிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்பது அவர் கட்சி. 'ஆர்சி' என்று வந்தால் மட்டும் மூக்கு சுளியும். பேக்கேஜை நீக்கியாயிற்று, அதன் கான்ஃபிக் ஃபைல் மட்டும் தங்கிவிட்டது என்று பொருள். வீட்டைக் காலி செய்து போன குடித்தனக்காரர் பரணில் மூட்டையை விட்டுப் போன மாதிரி. அதைப் 'பர்ஜ்' செய்து முடிக்காமல் அவருக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

கணினியில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று சொல்லும் இந்த டிபிகேஜி நேற்று வந்ததல்ல. 1993-இல் டெபியன் லினக்ஸைத் தொடங்கிய இயன் மர்டாக் 1994-இல் எழுத ஆரம்பித்தது. முப்பது வருஷமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது. பட்டியல் இருப்பதும் ஏதோ பெரிய டேட்டாபேஸில் அல்ல, வார்-லிப்-டிபிகேஜி ஃபோல்டருக்குள் 'ஸ்டேட்டஸ்' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில். மற்றவர்கள் பேப்பர் படிக்கிற நேரத்தில் இவர் அதைத் திறந்து வைத்துப் படிப்பார். சிரித்துக்கொண்டே படிப்பார் என்பதுதான் கொஞ்சம் பயமாக இருக்கும்.

எண்ணிக்கை என்று வந்தால் இன்னும் கண்டிப்பு. புதிதாகச் சேர்ந்த பையன் பட்டியலை வரி எண்ணும் டபிள்யூசி மைனஸ் எல்லுக்குத் தள்ளி, "என் லேப்டாப்ல 2,148 பேக்கேஜ் சார்!" என்று பெருமையாக வந்து நின்றான்.

"அஞ்சு கழி."

"எதுக்கு சார்?"

"மேல அஞ்சு வரி தலைப்புப்பா. அதையும் பேக்கேஜ்னு எண்ணிட்டே." பையன் கழித்தான். "ஆர்சி எத்தனை?" அதையும் கழித்தான். அவன் இடத்துக்குத் திரும்பும்போது எண்ணிக்கையோடு உயரமும் குறைந்திருந்தது.

இந்த இனத்தில் லினக்ஸ் வகைக்கு ஒன்றாக உட்பிரிவுகளும் உண்டு. ஃபெடோரா ஆள் ஆர்பிஎம் மைனஸ் க்யூஏ என்பார். பட்டியல் அகர வரிசையில் வராது, 'சார்ட்' போட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குறையை மட்டும் அவரிடம் சொல்லக் கூடாது. ஆர்ச் ஆள் பேக்மேன் மைனஸ் க்யூ என்பார், அதுவும் கேட்காமலே. டெபியன்காரர் தன்னிடம் எத்தனை இருக்கிறது என்று சொல்லி மகிழ்வார், ஆர்ச்காரர் எத்தனை இல்லை என்று சொல்லி.

நம்மவருக்குத் தீராத கவலை ஒன்று உண்டு. அதன் பெயர் பயர்பாக்ஸ். உபுண்டு 22.04-இல் டிபிகேஜியைக் கேட்டால் பயர்பாக்ஸுக்கு நேராக 'ஐஐ' என்றே காட்டும். ஆனால் அது வெறும் வழிகாட்டிப் பலகை. உண்மையான பயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற வேறு பேக்கேஜ் முறையில் குடியிருக்கிறது. 'ஐஐ'யே பொய் சொல்லுமா? அன்றிலிருந்து ஸ்னாப் லிஸ்ட், பிளாட்பேக் லிஸ்ட், பிப் லிஸ்ட், என்பிஎம் என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிவிட்டுத்தான் தூங்கப் போகிறார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யாரோ போட்ட ஆப்இமேஜ் ஒன்று எந்தப் பட்டியலிலும் ஏறாமல் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. ரத்த அழுத்தக்காரர், பாவம்.

சும்மா கேலி செய்வதும் நியாயமில்லை. சர்வர்களில் பெரும்பாலும் ஐகானும் கிடையாது, டெஸ்க்டாப்பும் கிடையாது. அங்கே இப்படிக் கேட்டால்தான் பதில். 2024 மார்ச் 29, புனித வெள்ளி. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிய ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இஸட் பேக்கேஜின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பதைப் போட்டுடைத்தார். வருஷம் முழுக்க நம்மவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் லீவு என்றும் பாராமல் அவருக்குத்தான் போன் போட்டார்கள். ஒவ்வொரு சர்வராக நுழைந்து பார்த்தார். டெபியன் 12, எக்ஸ்இஸட் 5.4.1. "நம்மகிட்ட பிரச்சினை இல்லை" என்றார். குரலில் லேசான ஏமாற்றம் இருந்ததாகக் கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அக்கா மகள் வந்து, "மாமா, ஹால் டிக்கெட் ஒரு பிரிண்ட் வேணும், ஒன்பது மணிக்கு பஸ்" என்றாள்.

"இரும்மா, பிரிண்ட் எடுக்கிற கப்ஸ் எந்த வெர்ஷன்னு பார்த்துடலாம்."

பார்த்தார். கப்ஸ், கப்ஸ்-கிளையன்ட், கப்ஸ்-பிரவுஸ்டு, எல்லாம் 'ஐஐ'. டிரைவர் ஃபைல் எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று மைனஸ் கேப்பிடல் எஸ் போட்டுக் கேட்டார். வந்த பேக்கேஜில் இன்னும் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று மைனஸ் கேப்பிடல் எல் போட்டார். பட்டியல் நீண்டது. நடுவில் குழந்தையைக் குஷிப்படுத்த ஏபிடி மூ என்று அடித்து, எழுத்தாலான மாட்டைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

கால் மணி நேரத்தில் கையில் தாளோடு வந்து நின்றாள். "முனை ஜெராக்ஸ் கடையில எடுத்துட்டேன் மாமா, அஞ்சு ரூபா. நான் கிளம்பறேன்."

வாசல் வரை பின்னாலேயே ஓடினார் மாமா. "அவர் மெஷின்ல என்ன டிரைவர்னு பார்த்தியா?"