தோட்டா விலையும் ராஜபாளையத்து நாயும்

அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களுக்குப் பெருங்கவலை: வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் விலை ஏறிவிட்டன. சுட்ட தோட்டாவின் உறையைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் மறுபடி மருந்து அடைத்துக் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் அவர்கள். நம் ஊரில் அனுமதியில்லாமல் தோட்டா செய்தால், 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி குறைந்தது 7 ஆண்டு அரசாங்கச் சாப்பாடு. அதையும் சிக்கனக் கணக்கில் எழுதலாம்தான்.

ராஜபாளையத்தில் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் வைத்திருப்பவர் பாடு வேறு. வேட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடித்துவைத்தது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயமாகப் போனது. 2021-இல் புலிகளுக்கும் பட்டா ஆகிவிட்டது. தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்தில் ஓய்வெடுக்கும். பக்கத்துச் சிவகாசியில் மூட்டை மூட்டையாய் மருந்து. இவருக்கோ உரிமம் புதுப்பிக்கும் செலவு மட்டும். தோட்டா விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

இவர் கையைக் கடிப்பது வீட்டு ராஜபாளையம் நாயின் செலவு. பன்றி வேட்டைக்கென்று வளர்த்த வெள்ளை ஜாதி, 2005-இல் தபால்தலையிலேயே ஏறிய வம்சம். இது பன்றியைக் கண்ணால் பார்த்ததில்லை. கறிக்கடை வாசனை மட்டும் நன்றாகத் தெரியும். தினம் இரண்டு வேளை நிரப்பியாக வேண்டிய தோட்டா! ஆட்டுக்கறியிலிருந்து கோழிக்காலுக்கு இறங்கியாயிற்று. அடுத்தது தயிர்ச்சோறு என்பது வீட்டம்மாளின் யோசனை. நாய் இன்னும் சம்மதிக்கவில்லை.