முகமறியா அதிகாரிக்கு ஒரு மொய் விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ வரி மதிப்பீட்டு அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, பேராவூரணிப் பக்கத்து மளிகைக் கடைக்காரன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தங்கள் திருநாமம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வரி கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே காரியம் நடக்கவேண்டும் என்று 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 13-ஆம் தேதி சர்க்கார் திருவுளம் கொண்டபடியால், தாங்கள் பாரத தேசத்தின் எந்த மூலையில் எழுந்தருளியிருக்கிறீர்கள் என்பதை அறியாமலே தங்களைச் சேவிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியிருக்கிறது. லஞ்சத்துக்கும் சிபாரிசுக்கும் இடமில்லாத ஏற்பாடு என்று ஆடிட்டர் சொன்னார், வாஸ்தவம். குரலைத் தாழ்த்தி, "இல்லீங்க ஐயா, சங்கதி இப்படி" என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கவேண்டிய விஷயத்துக்கும் அதில் இடமில்லாமல் போயிற்று.

சங்கதி இதுதான். என் மகள் கலியாணத்தில் விழுந்த மொய்ப்பணம் 6,40,000 ரூபாயை, வீட்டில் இருந்தால் கரைந்துவிடும் என்று பயந்து, கடைக் கணக்கில் முதலாக வரவு வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடை அடைக்கிற நேரத்தில் வந்து சேர்ந்த தங்கள் நோட்டீஸ், கொடுத்தவர் இன்னார் என்பதையும், கொடுக்கத்தக்க வசதி அவருக்கு உண்டு என்பதையும், கொடுத்தது மெய் என்பதையும் 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி திங்கட்கிழமைக்குள் ருசுப்பிக்கச் சொல்லிற்று.

மொய் நோட்டையே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினேன். மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்ட முதல் பக்கத்தில் தாய்மாமன் 25,000. அதன் கீழே பால்காரர் 101. கீழத்தெரு சின்னாத்தா 51. பந்தல்காரர் மச்சான் 201. அப்புறம், எழுதியவருக்குப் பெயர் கேட்க அவகாசமில்லாத சாப்பாட்டு நேரத்து நெரிசலில், 'சிவப்புத் துண்டு 100'. தாங்கள் அனைத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், ஒவ்வொருவருடைய பான் எண்ணும், வருமான விவரணமும் கேட்டிருக்கிறீர்கள். சின்னாத்தாவின் வருமானம் நாலு ஆட்டுக்குட்டி; அவற்றின் விவரணத்தை அவளிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புத் துண்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதிலே சட்டத்தின் சூட்சுமம் என்னைப் பிரமிக்க வைக்கிறது. கலியாணத்துக்கு வந்த அன்பளிப்புக்கு வரி கிடையாது; ஆனால் அந்த விலக்கு மணமக்களுக்கே உரியது. பெண்ணைப் பெற்றவன் கைக்கு, சட்டம் ஒப்புக்கொண்ட உறவினர் அல்லாதார் கொடுத்தது வருஷத்தில் 50,000-ஐத் தாண்டினால் அவ்வளவும் வருமானம். எங்கள் சீமையிலோ மொய் என்பது அன்பளிப்பே அல்ல. திருப்பிச் செய்தே தீரவேண்டிய கடன். அப்படியானால் கடன் என்றே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு ஆடிட்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்: 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகையளவுக்கே அபராதமாம். தாய்மாமன் அன்பளிப்பாகக் கொடுத்தால் குற்றமில்லை. கடனாகக் கொடுத்தால் 25,000-க்கு இன்னொரு 25,000 அழவேண்டும். இரண்டும் இல்லை என்று வாய் பொத்தி நின்றாலோ, அந்தச் சட்டத்தில் 2016-இல் 30-லிருந்து 60 ஆக உயர்த்திய விகிதமும், அதன்மேல் சர்சார்ஜும், அதற்கும் மேல் செஸ்ஸும் சேர்ந்து, நூறு ரூபாய் மொய்க்கு 78 ரூபாய் தங்களுக்கு. விருந்து போட்டவனுக்கு 22.

சுவாமி, மொய்க்கும் ஒரு தர்மம் உண்டு: வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டியே திருப்பவேண்டும். தங்கள் இலாகாவும் அவ்வழியில் செல்வதாகத்தான் நினைத்தேன். நான் பாக்கி வைத்த வரிக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. தாங்கள் அதிகமாக வாங்கி எனக்குத் திருப்புவதற்கு மாதம் நூற்றுக்கு அரை. இப்படி மொய் செய்கிறவரை எங்கள் ஊரில் மறுபந்திக்கு அழைக்கமாட்டார்கள். இதை உரக்கச் சொல்ல எனக்கு அச்சந்தான். 1860-இல் ஜேம்ஸ் வில்சன் இந்த வரியைக் கொண்டுவந்தபோது பகிரங்கமாக ஆட்சேபித்த சென்னைக் கவர்னர் டிரெவெலியனுக்கே உத்தியோகம் போயிற்று. போவதற்கு எனக்கு மளிகைக் கடைதான் இருக்கிறது.

தங்கள் உத்தரவு பாதகமானால் 30 நாளைக்குள் அப்பீல் செய்யவேண்டும்; அது தீரும்வரை வசூலை நிறுத்திவைக்க, சாதாரணமாக, கேட்ட தொகையில் ஒரு பகுதியை முன்னதாகக் கட்டவேண்டும். அப்பீலை, சாத்தியமானால், அதைத் தாக்கல் செய்த நிதி வருஷம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் முடிப்பார்களாம். அந்தச் சாத்தியத்தில் ஒரு சிறு பங்கை என் திங்கட்கிழமைக்கும் கடாட்சிக்கவேண்டும்.

இன்னொரு அவசர விஷயம். வரும் ஆவணியில் சின்னாத்தா பேரனுக்குக் காதுகுத்து. அவளுக்கு நான் எழுதவேண்டிய 101 ரூபாய் கடன் அடைப்பா, செலவா, அன்பளிப்பா என்பதைத் தாங்கள் முன்கூட்டியே தீர்மானித்து அருளவேண்டும். உத்தரவு வரும்வரை நான் மொய் எழுதாமலிருந்தால், அவள் நோட்டீஸ் அனுப்புகிற ரகமில்லை. நேரே கடை வாசலுக்கு வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கியிருக்கும்,
மொய் நோட்டின் சொந்தக்காரன்