பழுப்பு நிலக்கரிச் சீமையிலிருந்து பசுமைப் பட்டம் வாங்குவது எப்படி?

திருவதிகையிலோ பண்ருட்டியிலோ நெய்வேலி வட்டங்களிலோ பிறந்து வளர்ந்துவிட்டு, சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பி.காம்., நர்சிங், மெக்கானிக்கல் என்று போகிறவர்களுக்கு வழிகாட்டி எதுவும் வேண்டாம். அவர்களை யாரும் வாசலில் நிறுத்தி விளக்கம் கேட்பதில்லை.

முதல் கண்டம், படிப்பின் பெயரை வீட்டில் சொல்வது. "சஸ்டைனபிலிட்டி" என்றால் "கேட்டரிங்கா?" என்பார்கள். "சுற்றுச்சூழல்" என்றால் மரம் நடுவதற்கு எதற்கு ஹாஸ்டல் ஃபீஸ் என்பார்கள். "கலெக்டர் ஆபீஸ்ல இதுக்குப் போஸ்டிங் இருக்காம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், அது போதும். அப்பா நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியான என்.எல்.சி.யில் பர்மனென்ட் என்றால் தீபாவளி லீவில் வந்து நிலக்கரியை மூட வேண்டும் என்று பேசாதீர்கள். போனஸ் வந்து, உங்களுக்கும் சேர்த்துத் துணி எடுத்திருப்பார். அப்பா கான்ட்ராக்ட் என்றால் தாராளமாகப் பேசலாம். கம்பெனியை அவரே உங்களைவிட அதிகம் திட்டுவார். ஆனால் அவர் கேட்பது மூடச் சொல்லி இல்லை, பர்மனென்ட் பண்ணச் சொல்லி. இந்த வித்தியாசம் புரிந்தால் முதல் செமஸ்டரில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி, மனப்பாடம். 1987-இல் வந்த பிரண்ட்லாண்ட் அறிக்கையின் வரையறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்: நாளை பிறப்பவர்களின் தேவைக்குக் கை வைக்காமல் இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்வது. அடுத்து, 2015-இல் ஐ.நா. வைத்த 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 குறியிலக்குகள். எட்டாம் இலக்கு கௌரவமான வேலை, ஏழாம் இலக்கு எல்லோருக்கும் கட்டுப்படியாகும் தூய மின்சாரம், பதின்மூன்றாம் இலக்கு பருவநிலை. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இவை தனித்தனிக் கட்டங்கள். உங்கள் வீட்டில் மூன்றும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடும். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாதபடி எழுதினால் பத்து மார்க். முட்டுவதைப் பற்றி எழுதினால் "சிலபஸில் இல்லை".

அடுத்து, கார்பன் தடம் கணக்கிடும் அசைன்மென்ட். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக்கு இருபது சொச்சம் கிலோமீட்டருக்குள் கொதிகலன் எரிந்தாலும் உங்களுக்கும் நாட்டுச் சராசரிதான். மின்சாரம் எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று வயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பயப்படாமல் கணக்குப் போடுங்கள். எங்கள் மண்ணின் கதையைச் சேர்த்தே தீருவேன் என்கிறவர்கள் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அட்டவணையைப் புரட்டலாம்: ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு 56.1 டன் கரியமில வாயு விடும், லிக்னைட் என்கிற நம் பழுப்பு நிலக்கரி 101 டன். இதற்குப் பிறகும் சராசரியையே எழுதினால் நீங்கள் முதல் வகுப்பில் தேறுவீர்கள்.

களப்பயணம் என்று சுரங்கத்துக்குத்தான் கூட்டிப்போவார்கள். மஞ்சள் ஹெல்மெட்டோடு செல்ஃபி, பின்னால் மண்ணை வாரும் ராட்சசச் சக்கரம். எல்லோரும் சக்கரத்தைப் பார்க்கையில் நீங்கள் குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பாருங்கள். கல் மாதிரி இருக்காது. ஊறிப்போன விறகு போல ஈரமாக, பழுப்பாக, சில கட்டிகளில் மரத்தின் நார்கூடத் தெரியும், விரலில் அப்பிக்கொள்ளும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிறது, ஆகவே யூனிட்டுக்குப் புகையும் கூடுகிறது. மேலே சொன்ன அட்டவணை எண்ணைவிட இதைக் கையில் பிடித்துப் பார்த்தால் சீக்கிரம் புரியும். கட்டியை ரெக்கார்டு நோட்டில் ஒட்டாதீர்கள். காயக் காயப் பொடிந்து உதிரும்.

செமினாருக்கு வரலாறு வேண்டுமா? 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டினார். கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் கம்பெனி, 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் கொண்ட அந்தப் பழைய நிலையத்தை 2020-இல் மூடியதை முழுப்பக்க ஸ்லைடாகப் போடுங்கள், "நியாயமான மாற்றம்" என்று தலைப்பு கொடுங்கள், கை தட்டுவார்கள். அதற்கு மாற்றாக 1,000 மெகாவாட்டுக்குப் புது லிக்னைட் நிலையம் வந்ததைச் சின்ன எழுத்தில் போடலாம். அதே நிறுவனம் சூரிய மின்சாரத்தில் 1,000 மெகாவாட்டைத் தாண்டிய கணக்கைப் பெரிய எழுத்தில் போடுங்கள். எல்லாமே உண்மைதான்; எழுத்தின் அளவில்தான் பட்டம் இருக்கிறது.

உள்ளூர்ப் பண்பாட்டையும் சேர்க்கச் சொல்வார்கள். திருவதிகைக்காரர்களுக்கு இங்கே கொள்ளை லாபம். சமணப் பள்ளிகளை இடித்த கல்லைக் கொண்டுவந்து பல்லவ மன்னன் நம்மூரில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறது பெரியபுராணம். சுழற்சிப் பொருளாதாரத்துக்கு இதைவிடப் பழைய மேற்கோளை எந்த ஐரோப்பியப் பேராசிரியர் காட்டுவார்? (இடிபட்டவர்களைப் பற்றிக் கேள்வி வந்தால் நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிவிடுங்கள்.) சூலை நோயால் துடித்து வந்த தம்பி அப்பருக்குத் திலகவதியார் திருநீறு கொடுத்தது நம்மூரில்தான்; அவர் பாடி நோய் தீர்ந்தது வீரட்டானேசுவரர் சன்னதியில்தான். அந்தச் சாம்பலையும் கொதிகலன் சாம்பலையும் ஒரே ஸ்லைடில் போட ஆசை வரும். வேண்டாம். இரண்டாவது சாம்பல் செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் போகிறது, அதற்கு மத்திய அரசு 1999-இலேயே அறிவிக்கை போட்டது, அதை மட்டும் சொல்லுங்கள். கெடிலக்கரையில் நடந்ததை அப்பர் பார்த்துக்கொள்வார்.

சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியப்பா இருந்தால் அவரிடம் மட்டும் ஆய்வுக்கு நேர்காணல் எடுக்காதீர்கள். உங்கள் வினாத்தாளில் "நீர் கிடைப்பதில் நிறைவா? 1 முதல் 5 வரை" என்று இருக்கும். அவர் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் பேச மாட்டார்.

"பாப்பா, அப்பெல்லாம் போரு போட்டா தானா பொங்கி ஊத்தும். மோட்டாரே வேணாம். இப்ப பைப்பு எறக்கி எறக்கி என் ஆயுசே எறங்கிப்போச்சு."

அவர் சொல்வதற்குப் பாடப்புத்தகத்தில் காரணம் இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பீறிட்டுவிடும். ஆகவே பம்புகள் ராப்பகலாக ஓடுகின்றன. இதை நீங்கள் விளக்குவீர்கள். "இதைத்தானே நானும் சொல்றேன்" என்பார். பிறகு 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் வாய்க்கால் வெட்ட என்.எல்.சி.யின் பொக்லைன் இறங்கியதைச் சொல்ல ஆரம்பிப்பார். நிலம் முன்பே எடுக்கப்பட்டது, அதில் பயிரும் நின்றது, இரண்டும் உண்மை. உங்கள் எக்செல் ஷீட்டில் ஒரு கட்டம்தான் இருக்கும்.

கடைசியாக வேலை. கவலையே வேண்டாம். பங்குச்சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கிவிட்டது. இந்த அறிக்கைகளை எழுதத்தான் உங்களைப் போன்றவர்களை எடுக்கிறார்கள், ஏ.சி. அறை, சென்னை ஓ.எம்.ஆர். பக்கம். அறிக்கையில் எட்டாவது கொள்கையின் கீழ் ஒரு அட்டவணை வரும்: திட்டத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை, அவற்றில் மறுகுடியமர்வு பெற்றவை எத்தனை சதவீதம், கொடுத்த தொகை எவ்வளவு. கம்பெனி அனுப்பிய எண்ணை அப்படியே ஏற்றுங்கள், எழுத்துப்பிழை பாருங்கள், பச்சை நிறத்தில் பார்டர் போடுங்கள். அறிக்கை வெளியான சந்தோஷத்தில் பெரியப்பாவுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். அவர் வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டு, "அதுல என் பம்புசெட்டு எத்தனையாவது பக்கத்துல வருது பாப்பா?" என்று கேட்பார்.