ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டுக்குக் கங்காணி வைப்பது எப்படி?

ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் ஆர்டர் சர்வீஸ் செத்துப்போகிறது. ஆன்-காலில் இருக்கும் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு லாகின் செய்து, ஸ்டார்ட் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு மறுபடி படுக்கிறான். இந்த வேலைக்குப் பையன் எதற்கு, சிஸ்டம்டி என்ற கங்காணி போதுமே என்று மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். நல்லது. ஏன் சாகிறது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

இப்போது அந்த சர்வீஸை ஓட்டுவது யார் என்று தேடாதீர்கள். எப்போதோ பேப்பர் போட்டுவிட்டுப் போனவரின் ஸ்கிரீன் செஷனுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அதை நிறுத்தாமலே புதியதையும் ஸ்டார்ட் செய்யுங்கள், யூனிட் ஃபைலின் 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆல்வேஸ்' போட்டு. போர்ட் 8080 பழையவர் கையில் இருப்பதால் புதியது பிறந்தவுடன் சாகும். சிஸ்டம்டி 100 மில்லிசெகண்ட் பொறுத்து எழுப்பும். 10 செகண்டுக்குள் 5 தடவை பார்த்துவிட்டு, இது தேறாது என்று கைகழுவிவிடும். இந்த அவநம்பிக்கை நமக்கு ஆகாது. ஸ்டார்ட் லிமிட் இன்டர்வலில் 0 போடுங்கள். இனி விடிய விடியச் செத்துப் பிழைக்கும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு முழம் ஸ்டாக் ட்ரேஸ் லாக் ஃபைலில் விழும். டிஸ்க் நிரம்பிப் பழையவரும் படுத்துவிட்டால் போர்ட் காலி.

அடுத்து ஸ்டார்ட் ஸ்கிரிப்ட். டேனியல் பெர்ன்ஸ்டைன் டீமன்டூல்ஸ் எழுதிய காலத்திலிருந்தே கங்காணிகள் கேட்பது ஒன்றுதான்: ப்ரோகிராம் கண்ணெதிரே நிற்கட்டும், பின்னணிக்கு ஓடக் கூடாது. விவரம் தெரியாதவர்கள் இதைக் கேட்டு, கடைசி வரியில் இருக்கும் '&' குறியை எடுத்துவிட்டு, அதே வரியின் தொடக்கத்தில் 'எக்ஸெக்' சேர்ப்பார்கள். நீங்கள் '&' குறியைத் தொடாதீர்கள். ஸ்கிரிப்ட் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கும் சிஸ்டம்டி, அது பெற்றுப்போட்ட பிள்ளைகளையும் தேடிப்பிடித்துக் கொல்லும். பிறகு முதலிலிருந்து தொடங்கும். கையால் ஓட்டினால் ஓடுகிறதே என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம்.

கையால் ஓட்டினால் ஓடுவதற்கு இன்னொரு காரணம், உங்கள் பாஷ்ஆர்சி ஃபைல். கங்காணி அதைப் படிப்பதில்லை. ஆகவே டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யூனிட் ஃபைலிலேயே எழுதி, கிட்டில் கமிட் செய்துவிடுங்கள். ரகசியம் பகிர்ந்தால் பாரம் குறையும்.

நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் அனுப்பி மரியாதையாகக் கேட்கும். சாதாரணமாக 90 செகண்ட் பொறுக்கும்; பிறகுதான் சிக்கில். டிப்ளாய்மென்ட் அன்றைக்கு 90 செகண்ட் ஒரு யுகம். 1 ஆக்கிவிடுங்கள். பணம் பிடித்தாயிற்று, ஆர்டர் பதிவாகவில்லை என்ற நிலையில் நிற்கும் வாடிக்கையாளர்களை சப்போர்ட் டீம் பார்த்துக்கொள்ளும்.

இத்தனையும் செய்தபின் ஸ்டேட்டஸ் கேட்டால் 'ஆக்டிவ்' என்று பச்சையில் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜருக்கு அனுப்புங்கள். 'என்-ரீஸ்டார்ட்ஸ்' என்று ஓர் எண் உண்டு, எத்தனை தடவை தானாக எழுப்பினோம் என்ற கணக்கு. அந்தப் பக்கமே போகாதீர்கள். மெமரி லீக் மூன்று மணிக்கொரு முறை கழுவப்படுகிறது, யாருக்கும் வலிக்கவில்லை. ஒருநாள் ப்ரோகிராம் சாகாமல் டெட்லாக்கில் உறைந்து நின்றாலும் கவலை வேண்டாம்: வாட்ச்டாக் வைக்காத கங்காணிக்குப் பிணத்தைத்தான் தெரியும், மயக்கத்தைத் தெரியாது. பச்சை பச்சையாகவே இருக்கும்.

முக்கியமான ஒன்று. 'ஸ்டார்ட்' மட்டும் கொடுங்கள், 'எனேபிள்' கொடுக்காதீர்கள். கெர்னல் அப்டேட் முடிந்து சர்வர் ரீபூட் ஆகும் அன்றைக்கு ஒன்றுமே எழுந்திருக்காது. அதற்குள் அப்ரைசல் முடிந்து, நீங்கள் வேறு டீமுக்குப் போயிருப்பீர்கள்.